சவோன்லின்னாவில் விடுமுறை: எந்த மாதம் போவது, போய் என்ன செய்வது

சவோன்லின்னாவுக்குப் போவதென்று தீர்மானித்தவர்கள் விமானக் கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மாதத்தைத் தீர்மானிக்க வேண்டும். கிழக்குப் பின்லாந்தில், சைமா ஏரிக்குள் சங்கிலியாய்க் கிடக்கும் தீவுகள் மேல் அமைந்த ஊர் இது. மக்கள்தொகை முப்பதாயிரத்துச் சொச்சம். ஜூலையில் படகுகளும் ஓப்பரா என்னும் இசை நாடக விழாக் கூட்டமும் இரவு பத்து மணி வெயிலுமாக இருக்கும். மார்ச்சில் அதே படகுத்துறையில் நின்றால் எதிரே ஏரி மேல் ஆட்கள் நடந்து போவார்கள். நவம்பரில் பிற்பகல் மூன்றரைக்கு இருட்டிவிடும், கோடை உணவகங்கள் பூட்டிக் கிடக்கும், மழையா பனியா என்று தெரியாத ஏதோ ஒன்று முகத்தில் அடிக்கும். ஊர் ஒன்றுதான், ஆனால் மாதம் தப்பினால் நீங்கள் தேடிப் போனது அங்கே இருக்காது.

வடதுருவ ஒளியும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் வேண்டுமென்றால் இன்னும் பல நூறு கி.மீ. வடக்கே லாப்லாந்துக்குப் போங்கள். சவோன்லின்னாவில் அந்த ஒளி எப்போதாவதுதான் தெரியும். இங்கே போவது ஏரிக்காக.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

பின்லாந்துக்காரர்களின் கோடை, பள்ளி விடுமுறையோடு தொடங்கிப் பள்ளி திறப்போடு முடிகிறது. ஜூன் தொடக்கத்தில் மூடும் பள்ளிகள் ஆகஸ்ட் இரண்டாம் வார வாக்கில் திறந்துவிடும். ஏரிப் படகுகளும் கோடை உணவகங்களும் ஐஸ்கிரீம் கடைகளும் அந்த நாட்காட்டியைத்தான் பின்பற்றுகின்றன. ஆகஸ்ட் 20-க்குப் போய் 'இன்னும் கோடைதானே' என்று கேட்டால், வானிலை ஆமாம் என்னும், படகுத்துறை இல்லை என்னும்.

ஜூன் கடைசியில் சூரியன் அதிகாலை மூன்றரைக்கு உதித்து இரவு பத்தே முக்கால் வாக்கில் மறையும். இடைப்பட்ட நேரத்திலும் முழு இருட்டு கிடையாது, ஆகவே தூக்கத்துக்குக் கண்மறைப்புத் துணி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் ஒன்பதரை வாக்கில் எட்டிப் பார்க்கும் சூரியன் மூன்று மணிக்குள் போய்விடும். ஜூலைப் பகல்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி. ஜனவரி, பிப்ரவரியில் பூச்சியத்துக்குக் கீழே 5 முதல் 15 டிகிரி சாதாரணம். மைனஸ் 25-ஐத் தாண்டும் நாட்களும் வரும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் சிபாரிசு இரண்டு: நீச்சலும் படகும் வேண்டுமென்றால் ஜூன் நடுவிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை, பனி வேண்டுமென்றால் பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடு வரை. டிசம்பர் வேண்டாம் என்பேன். பலரும் கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கணக்குப் பண்ணி அப்போதுதான் போகிறார்கள். ஏரி அப்போது சரியாக உறைந்திருக்காது, வெளிச்சம் ஐந்தரை மணி நேரம்தான், டிசம்பர் 24 மதியத்திலிருந்து 26 வரை ஊரே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். மார்ச்சில் பனியும் இருக்கும், பகலும் நீண்டிருக்கும், பனிக்கட்டியும் கெட்டியாக இருக்கும். கிழக்குப் பின்லாந்துப் பள்ளிகளுக்கு ஆண்டின் பத்தாவது வாரம் பனிச்சறுக்கு விடுமுறை, அந்த ஒரு வாரத்தில் மட்டும் தங்குமிடம் கொஞ்சம் நெருக்கடி.

2. விசாவும் பெட்டியும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், பின்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா அது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னால் கொடுத்தாக வேண்டும். கோடை நெருங்க நெருங்க விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது கடினமாகும் என்பதால் இரண்டு மூன்று மாத இடைவெளி வைத்துக்கொள்வது நல்லது. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. பல நாடுகளைச் சுற்றுகிறீர்கள் என்றால் அதிக நாள் தங்கும் நாட்டின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஷெங்கன் நாடு ஒன்றில் வதிவிட அனுமதியோடு இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

பெட்டி கட்டும்போது சமையலறைப் பக்கம் ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் சேர்ந்த எதையும் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, பால் இனிப்பு எல்லாம் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் போகாது. சாம்பார்ப் பொடி, மிளகாய்ப் பொடி, ஊறுகாய், பருப்புப் பொடிக்கு இந்தத் தடை இல்லை. பாஸ்மதி அரிசி, பருப்பு, இஞ்சி, பூண்டு ஊர்ப் பல்பொருள் அங்காடியிலேயே கிடைக்கும். புளியை மட்டும் நம்பிப் போகாதீர்கள், கையில் கொண்டுபோங்கள்.

3. போய்ச் சேருவது

ஹெல்சின்கி விமான நிலையத்தில் இறங்கியதும் நகருக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. நிலையத்துக்கு அடியிலேயே உள்ளூர் ரயில் இருக்கிறது. அதில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் டிக்குரிலா. அங்கே யோவென்சூ போகும் தொலைதூர ரயிலைப் பிடித்துப் பரிக்கலாவில் இறங்க வேண்டும். பரிக்கலாவில் அடுத்த நடைமேடையில் ஒரு சின்ன ரயில் பேருந்து காத்திருக்கும். அதில் ஒரு மணி நேரம் போல. மொத்தம் நாலரை மணி நேரக் கணக்கு. வி.ஆர். என்ற அரசு ரயில் நிறுவனத்தின் செயலியில் விமான நிலையத்திலிருந்து சவோன்லின்னா வரைக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்துக்கொள்ளலாம். முன்கூட்டி எடுத்தால் விலை நன்றாகவே குறையும்.

இந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் தூங்கிவிடாதீர்கள். ரயில் புங்காஹர்யு வழியாகப் போகிறது, ஏரிக்கு நடுவே ஒரு ஒடுங்கிய மணல்மேடு, சில இடங்களில் இரண்டு ஜன்னலிலும் தண்ணீர்தான் தெரியும்.

கார் எடுக்கலாமா? ஊருக்குள் ஹோட்டலில் தங்கினால் தேவையில்லை, எல்லாம் இருபது நிமிட நடைக்குள். ஏரிக்கரைக் குடிலில் தங்கினால் கார் இல்லாமல் முடியாது. உள்ளூர்ப் பேருந்துகள் பள்ளி நேரத்தை ஒட்டி ஓடுபவை, கோடையில் இன்னும் குறையும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். குளிர்காலத்தில் வாடகைக் கார் பனி டயரோடுதான் வரும், ஆனால் டயர் பனிக்கானது என்பதற்காக ஓட்டுபவரும் பனிக்குப் பழகியவர் ஆகிவிட முடியாது. முதல் தடவை பனியில் ஓட்டுபவர்கள் ரயிலில் வந்து, சவோன்லின்னாவில் காரை எடுப்பது நல்லது. அந்தி நேரத்தில் காட்டுச் சாலையில் மூஸ் மான் குறுக்கே வரும். ஒரு குதிரையளவு எடை அது.

4. எங்கே தங்குவது

ஹோட்டல், விருந்தினர் இல்லம் எல்லாம் உண்டு. ஆனால் ஒரு வாரம் இருக்கிறீர்கள் என்றால் மொக்கி என்னும் ஏரிக்கரை மரக்குடில்தான் சரி. பின்லாந்து முழுக்க இப்படி ஐந்து லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. கோடை உச்சத்தில் பெரும்பாலானவை சனி முதல் சனி வரை என்று வாரக் கணக்கில்தான் வாடகைக்கு விடப்படும்.

பதிவு செய்வதற்கு முன்னால் இந்த ஐந்து விஷயத்தைப் படித்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் உள்ளே வருகிறதா, கிணற்றிலிருந்து தூக்க வேண்டுமா? கழிப்பறை வீட்டுக்குள்ளா, வெளியே உலர் கழிப்பறையா? படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேருமா? (பெரும்பாலும் சேராது.) புறப்படும்போது சுத்தம் செய்வது உங்கள் பொறுப்பா? குளிர்காலத்தில் வாசல் வரை சாலையில் பனி அள்ளுவார்களா? 'குளிர்காலத்துக்கு ஏற்றது' என்று எழுதியிருந்தால்தான் நவம்பர் முதல் ஏப்ரல் வரை எடுக்க வேண்டும். மின் வசதி இல்லாத குடிலை அழகான படத்தைப் பார்த்து முதல் தடவையே எடுக்காதீர்கள்.

உலர் கழிப்பறையைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் வாளியில் கரித்துகளோ மரத்தூளோ இருக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரு அள்ளு போட்டு மூடினால் நாற்றம் இருக்காது. தண்ணீரும் குவளையும் கையோடு கொண்டுபோவது நம் பழக்கம்தானே. உள்ளே அதிகம் கொட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குடிலோடு ஒரு துடுப்புப் படகு சேர்ந்தே வரும். உயிர்காப்பு அங்கி குடிலில் இருக்கிறதா, பிள்ளைகள் அளவுக்கு இருக்கிறதா என்று முதல் நாளே எண்ணிப் பாருங்கள். படகில் ஏறும் எல்லோருக்கும் அது வேண்டும், நீச்சல் தெரிந்தவர்களுக்கும். சோப்பு, ஷாம்பு எதையும் ஏரிக்குள் கொண்டுபோகக் கூடாது, கரையிலிருந்து தள்ளி நின்று குளித்துவிட்டு அப்புறம் ஏரியில் இறங்குங்கள். வெப்பம் நீடிக்கும் கோடையில் கரையோரம் பச்சைக் கூழ் போல நீலப்பச்சைப் பாசி மிதந்தால் அன்று நீச்சல் இல்லை. பிள்ளைகளுக்கும் நாய்க்கும் அது விஷம்.

5. சானா

சானா என்னும் சூடான நீராவிக் குளியலை விட்டுவிட்டு வந்தால் பின்லாந்துக்குப் போனதாகக் கணக்கில் வராது என்று அங்கே சொல்வார்கள். 2020-இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. குடிலில் இருப்பது விறகு அடுப்புச் சானாவாக இருந்தால் வரிசை இப்படி:

முதலில் புகைபோக்கியின் தகட்டைத் திறங்கள். தீப்பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. அப்புறம் வெந்நீர்த் தொட்டியில் தண்ணீர் நிரப்புங்கள். அடுப்பில் முதலில் பூர்ச்ச (பர்ச்) மரப் பட்டை, அது எரிவதற்கு எண்ணெய் தேவையில்லை, அதன் மேல் சிறு விறகு, பிறகு பெரிய விறகு. ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் கல் சூடாகும். அறை 70 முதல் 90 டிகிரி வரும்போது உள்ளே போகலாம். எல்லாம் முடிந்த பிறகும் தணல் சிவப்பாக இருக்கும்வரை தகட்டை மூடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

உள்ளே போவதற்கு முன்னால் குளித்துவிடுங்கள். பலகையில் துண்டு விரித்து உட்காருங்கள். மேல் தட்டு சூடு, கீழ்த் தட்டு மிதம்; பிள்ளைகளும் புதியவர்களும் கீழே. கல் மேல் ஒரு அகப்பை தண்ணீர் ஊற்றினால் எழும் ஆவிக்கு லொய்லி என்று பெயர். ஊற்றுவதற்கு முன்னால் கூட இருப்பவர்களைக் கேட்பது மரியாதை. யார் அதிக நேரம் தாங்குகிறார்கள் என்ற போட்டி எல்லாம் வேண்டாம். தலை லேசாகச் சுற்றினால் எழுந்து வெளியே வாருங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஏரியில் முங்கி எழுந்து, திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, மறுபடி உள்ளே. இரண்டு மூன்று சுற்று. இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

எல்லோரும் கேட்கத் தயங்கும் கேள்வி உடை. சொந்தக் குடிலில் உங்கள் விருப்பம், நீச்சலுடையோடு உட்கார்ந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆண்களும் பெண்களும் சேர்ந்திருக்கும் பொதுச் சானாவில் நீச்சலுடை வழக்கம். நீச்சல்குளக் கட்டடங்களில் ஆண், பெண் தனித்தனிச் சானா, அங்கே நீச்சலுடையோடு உள்ளே போகக் கூடாது என்பது விதி. கூச்சம் உள்ளவர்கள் முதலில் குடிலிலேயே பழகிக்கொள்ளலாம்.

6. கோடையில் ஊர்

ஒலாவின்லின்னாக் கோட்டையிலிருந்து தொடங்குங்கள். கியுரொன்சல்மி நீரோட்டத்துக்கு நடுவே பாறைத் தீவில் நிற்கும் இது, கிழக்கே இருந்த ரஷ்யாவைத் தடுக்க 1475-இல் எரிக் ஆக்சல்சன் டோட் கட்டத் தொடங்கியது. அப்போது பின்லாந்து சுவீடனின் பகுதி. 1743-இல் கோட்டையும் ஊரும் ரஷ்யா கைக்குப் போயின. உள்ளே வழிகாட்டியோடு சுற்றுவது நல்லது, கோபுரப் படிகள் ஒடுக்கமும் செங்குத்தும் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

கோட்டை முற்றத்தில்தான் ஜூலையில் ஓப்பரா விழா. பாடகி ஐனோ அக்டே 1912-இல் தொடங்கி வைத்தார், சில ஆண்டுகளில் நின்றுபோய் 1967-இலிருந்து ஆண்டுதோறும் நடக்கிறது. மேலே கூரைத் துணி உண்டு, ஆனால் சுவர்கள் ஐந்நூறு ஆண்டுக் கல். ராத்திரி பத்து மணிக்குக் கால் வழியாகக் குளிர் ஏறும். உள்ளூர்க்காரர்கள் பட்டுப் புடவைக்கு ஈடான உடையில் வந்து, பையிலிருந்து கம்பளிப் போர்வையை எடுப்பதைப் பார்க்கலாம். நீங்களும் ஒன்று கொண்டுபோங்கள். ஓப்பரா பிடிக்காதவர்கள் விழா நடக்கும் வாரங்களைத் தவிர்த்தால் தங்கும் செலவு கணிசமாகக் குறையும்.

கோட்டைக்குப் பக்கத்தில் ரீஹிசாரி அருங்காட்சியகம். அதன் துறையில் நிற்கும் பழைய நீராவிக் கப்பல்களில் சலாமா என்பது 1874-இல் கட்டப்பட்டது. 1898-இல் மோதி மூழ்கி, ஏரிக்கு அடியில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்து, 1971-இல் தூக்கியெடுக்கப்பட்டது. சைமாவின் குளிர்ந்த நன்னீர் மரத்தையும் இரும்பையும் எவ்வளவு மெதுவாகத் தின்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

சந்தைத் திடலில் பசி ஆறுங்கள். லொர்ட்சி என்பது இந்த ஊரின் தின்பண்டம், பெரிய சோமாசி போல அரைவட்டமாக மடித்துப் பொரித்தது, உள்ளே இறைச்சி அல்லது ஆப்பிள். இன்னொன்று முய்க்கு, விரலளவு நன்னீர் மீன். ரை என்ற தானிய மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்துத் தருவார்கள், தலையோடும் முள்ளோடும் தின்னலாம். பக்கத்துப் புருவெசி ஏரியின் முய்க்குவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பே இருக்கிறது. மிளகாய்ப் பொடி கையில் இருந்தால் தூவிக்கொள்ளுங்கள், மீன்காரர் தடுக்க மாட்டார்.

வெளியூர்ப் பயணங்களில் இரண்டைத் தவறவிடாதீர்கள். முதலாவது புங்காஹர்யு. பனியுகத்தில் உருகி ஓடிய நீர் குவித்துவிட்டுப் போன ஏழு கி.மீ. மணல்மேடு, மேலே உயரமான பைன் மரங்கள், இருபுறமும் ஏரி. பழைய மேட்டுச் சாலையில் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தர் 1803-இல் வந்து பார்த்து மயங்கிய இடம் இது. 1845-இல் தொடங்கிய ஹோட்டல் ஒன்று இன்னும் இங்கே இயங்குகிறது. மழை பெய்தால் லுஸ்தோ காட்டு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிடுங்கள்.

இரண்டாவது கெரிமாக்கி மரத் தேவாலயம். 1847-இல் முடிந்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் உட்காரலாம். உலகின் மிகப் பெரிய மரத் தேவாலயம் என்று சொல்லப்படுகிறது. இவ்வளவு பெரிய கட்டடத்தைச் சூடாக்க வழியில்லாததால் கோடையில்தான் திறக்கிறார்கள்.

இனி கொசு. ஜூன் நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரை காட்டுக்குள் அது உண்டு. முழுக்கை, வெளிர்நிறத் துணி, உள்ளூர் மருந்துக் கடையில் வாங்கிய களிம்பு போதும். உயரமான புல்லில் நடந்தால் உண்ணி ஏறும். இரவில் முழங்கால் பின்புறம், இடுப்பு, பிள்ளைகளின் தலைமுடி ஓரம் எல்லாம் தடவிப் பார்த்து, இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள்.

யுஹன்னுஸ் என்ற நடுக்கோடைப் பண்டிகை ஜூன் 20-க்கும் 26-க்கும் இடையில் வரும் சனிக்கிழமை. முந்தைய நாள் வெள்ளி மாலை ஏரிக்கரையில் பெரிய தீ மூட்டுவார்கள், வறண்ட ஆண்டில் அதற்குத் தடை வரும். அன்று ஊர்க்காரர்கள் எல்லோரும் தங்கள் குடில்களுக்குப் போயிருப்பார்கள், தெரு காலி. அந்த வாரம் போனால் வியாழக்கிழமையே மளிகை வாங்கி வைத்துவிடுங்கள்.

7. ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும்

எனக்குப் பிடித்த காலம் இதுதான், ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்குச் சொல்லமாட்டேன். படகு குறைவு, மழை அதிகம், கூட்டம் இல்லை. காடுதான் இப்போது விஷயம். பின்லாந்தில் யாருடைய காடாக இருந்தாலும் எவரும் நடக்கலாம், பெர்ரியும் காளானும் பறிக்கலாம், ஓரிரு இரவு கூடாரம் போடலாம். வெளிநாட்டுக்காரர்களுக்கும் இந்த உரிமை உண்டு. வீட்டு முற்றத்துக்குள்ளும் விளைநிலத்துக்குள்ளும் நுழையக் கூடாது, உரிமையாளர் அனுமதி இல்லாமல் தீ மூட்டக் கூடாது, அவ்வளவுதான் எல்லை.

பெர்ரிகளில் ஜூலைக் கடைசியிலிருந்து நீலநிற முஸ்திக்கா, செப்டம்பரில் சிவப்புப் புவோலுக்கா. இரண்டும் காட்டில் கால் வைத்த இடமெல்லாம் கிடக்கும். காளானில் மஞ்சள் நிறக் காந்தரெல்லி ஒன்றை மட்டும் சந்தையில் வாங்கிப் பார்த்துப் பழகுங்கள். வெள்ளைக் காளான் எதையும் தொடாதீர்கள், உயிரைக் குடிக்கும் வகை அதில் இருக்கிறது. செப்டம்பர் கடைசி வாக்கில் பூர்ச்ச மரங்கள் மஞ்சளாகும். அக்டோபர் பாதியில் இலை உதிர்ந்துவிடும். அதற்கப்புறம் டிசம்பர் வரை போவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை, அமைதியாக உட்கார்ந்து எழுத விரும்புகிறவர்களைத் தவிர.

8. உறைந்த ஏரி

உடையை முதலில் முடித்துவிடுவோம். தோலை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரடிக்கும். நடுவில் கம்பளிச் சட்டை. மேலே காற்றுப் புகாத அங்கி. காலணி ஒரு எண் பெரிதாக, உள்ளே தடித்த காலுறை. இறுக்கமாக இருந்தால் விரல் மரத்துவிடும். கையுறை விரல் பிரிக்காததுதான் சூடு. இதையெல்லாம் வெயில் ஊரில் வாங்கி ஏமாறாமல் ஹெல்சின்கியில் அல்லது சவோன்லின்னாவிலேயே வாங்குங்கள். அங்கியில் ஒளி பிரதிபலிக்கும் சின்ன அட்டை ஒன்று தொங்க வேண்டும். இருட்டில் நடப்பவர்கள் அதை அணிய வேண்டும் என்பது பின்லாந்துச் சாலைச் சட்டம், மளிகைக் கடையிலேயே விற்கும்.

சரி, ஏரி. டிசம்பரில் உறையத் தொடங்கி ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் உருகும். கெட்டியான பனிக்கட்டி ஐந்து செ.மீ. இருந்தால் ஒரு ஆளைத் தாங்கும் என்பது அங்கே பள்ளியில் சொல்லித்தரும் கணக்கு. புதியவர்கள் பத்துக்குக் குறைந்தால் இறங்க வேண்டாம். தடிமனை நீங்களே ஊகிக்காதீர்கள். ஊர்க்காரர்கள் நடந்த, குறியிட்ட தடத்தில் மட்டும் போங்கள். ஆறு புகும் இடம், பாலத்தடி, நாணல் ஓரம், படகுத்துறை ஓரம், ஒடுங்கிய நீர்வழி எல்லாம் மெலிந்திருக்கும். ஒலாவின்லின்னாவைச் சுற்றி நீரோட்டம் வேகம் என்பதால் கடும் குளிரிலும் அங்கே தண்ணீர் திறந்தே கிடக்கும். கோட்டையைப் படம் எடுக்கிறேன் என்று அந்தப் பக்கம் பனிக்கட்டி மேல் போகவே கூடாது. கழுத்தில் மாட்டும் பனி ஆணி ஜோடி கடையில் கிடைக்கும். உடைந்து விழுந்தால் வந்த திசையிலேயே திரும்பி, அதைக் குத்திப் பிடித்து மேலே ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலக வேண்டும். அவசர எண் 112. அதற்கான செயலியைக் கைப்பேசியில் போட்டு, அதன் வழியாகவே அழைத்தால் நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தானாகத் தெரியும்.

இவ்வளவு பயமுறுத்திய பிறகு சொல்கிறேன், மார்ச் வெயிலில் ஏரி மேல் நடப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. பொட்குரி என்ற தள்ளுவண்டியில் தொடங்குங்கள்: முன்னால் ஒரு நாற்காலி, கீழே இரண்டு நீண்ட இரும்புச் சட்டம், ஒரு கால் சட்டத்தில், மறுகாலால் உந்துவது. பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளலாம். பனிச்சறுக்குத் தெரியாதவர்களுக்கும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். நீண்ட தூர ஸ்கேட்டிங்குக்கு ரந்தசல்மி, ஒராவி பக்கம் ஏரி மேல் பனியைத் தள்ளித் தடம் அமைப்பார்கள், காலணியை வாடகைக்குத் தருவார்கள்.

பனிக்கட்டியில் துளைபோட்டுச் சின்னத் தூண்டிலால் மீன் பிடிப்பதற்கு உரிமம் வேண்டாம், யாரும் செய்யலாம். மீன் சிக்குவது உறுதியில்லை. ஃபிளாஸ்க்கில் சூடான காபியும் உட்கார ஒரு பெட்டியும் இல்லாமல் போகாதீர்கள். புருவெசியில் பனிக்கட்டிக்கு அடியில் பெரிய வலை இழுத்து முய்க்கு பிடிக்கும் மீனவர்கள் இருக்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் அதைப் போய்ப் பாருங்கள்.

சானாவிலிருந்து ஓடிப்போய்ப் பனித்துளைக்குள் இறங்குவது கட்டாயம் இல்லை. இறங்குகிறவர்கள் ஏணியைப் பிடித்து மெதுவாக, தலை நனையாமல், மூச்சை நீளமாக விட்டபடி இறங்கிச் சில நொடிகளில் ஏறிவிடுங்கள். தலையில் கம்பளித் தொப்பியும் காலில் செருப்பும் இருக்கட்டும். தனியாக வேண்டாம்.

9. மே மாதமும் சீல்களும்

ஏப்ரல் குழப்பமான மாதம். பனிக்கட்டி நடக்கத் தாங்காது, படகு போகவும் விடாது. மே நடு வந்தால் கதை வேறு. சைமாவில் மட்டும் வாழும் வளையச் சீல் என்னும் நீர்வாழ் பாலூட்டி, முடி உதிர்க்கும் காலத்தில் பாறை மேல் ஏறி வெயில் காயும். பனியுகம் முடிந்து நிலம் உயர்ந்தபோது கடலிலிருந்து துண்டாகி இந்த ஏரியில் சிக்கிக்கொண்ட இனம் இது. 1980-களில் இருநூறுக்கும் கீழே போனது, இப்போது ஐந்நூறு வாக்கில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை சீல் வாழும் பகுதிகளில் வலை போடுவதற்குக் கட்டுப்பாடு. பனி குறைந்த குளிர்காலங்களில் தன்னார்வலர்கள் கரையோரம் பனியைக் குவித்து அது குட்டி போடக் குகை அமைத்துக் கொடுக்கிறார்கள்.

பார்க்க வேண்டுமென்றால் ஒராவியிலிருந்து லின்னன்சாரி தேசியப் பூங்காப் பக்கம் போகும் படகில் இடம் பிடியுங்கள், மே மூன்றாம் வாரத்திலிருந்து ஜூன் முதல் வாரம் வரை, காற்றில்லாத வெயில் மாலையாகப் பார்த்து. தொலைநோக்கி எடுத்துக்கொள்ளுங்கள், கிட்டே போகக் கேட்காதீர்கள், மாலுமி போகவும் மாட்டார். பிப்ரவரி, மார்ச்சில் குட்டி பிறக்கும் காலம் என்பதால் பூங்காவில் தீவுக் கரைகளை ஒட்டி ஸ்கேட்டிங் போவதும் நடப்பதும் கூடாது. துடுப்புப் படகோட்டத் தெரிந்தவர்களுக்கு வடக்கே கொலொவெசி தேசியப் பூங்கா இன்னும் அமைதி, அங்கே மோட்டார் படகுக்கே அனுமதி இல்லை.

10. சாப்பாடும் செலவும்

வேலை நாட்களில் பத்தரையிலிருந்து இரண்டு மணி வரை உணவகங்களில் மதியச் சாப்பாடு என்று ஒரு விலைக்குக் கொடுப்பார்கள்: சாலட், சூடான உணவு, ரொட்டி, காபி எல்லாம் சேர்த்து. இரவுச் சாப்பாட்டை விட அது வெகு மலிவு, ஆகவே வெளியே சாப்பிடுவதை மதியத்தோடு வைத்துக்கொண்டு இரவில் குடிலில் சமையுங்கள். சைவர்களுக்கு ஒரு வகையாவது இருக்கும், ஆனால் 'மீனும் இறைச்சியும் வேண்டாம்' என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். குழாய்த் தண்ணீர் நேரடியாகக் குடிக்கலாம், பாட்டில் வாங்குவது வீண் செலவு. டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள். வங்கி அட்டை எல்லா இடத்திலும் செல்லும், சந்தையில் கூட. மது எட்டு சதவீதத்துக்கு மேல் என்றால் ஆல்கோ என்ற அரசுக் கடையில் மட்டும், அது ஞாயிறன்று மூடியிருக்கும்.

யாராவது வீட்டுக்கு அழைத்தால் காலணியை வாசலில் கழற்றிவிடுங்கள், அதைச் சொல்லித்தர வேண்டிய தேவை நமக்கு இல்லை. பேச்சுக்கு நடுவே நீண்ட மௌனம் விழும். கோபம் என்று நினைத்து அதை நிரப்ப முயல வேண்டாம்.

11. எதை எப்போது பதிவு செய்வது

ஜூலை ஓப்பராவுக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே டிக்கெட்டும் தங்குமிடமும். ஜூன், ஜூலைக் குடிலுக்கு ஜனவரி, பிப்ரவரி. மே சீல் படகுக்கு ஒரு மாதம் முன்னால் போதும், ஆனால் காற்று அடித்தால் தள்ளிப்போடுவார்கள் என்பதால் ஊரில் குறைந்தது மூன்று இரவு வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது வாரத்தைத் தவிர்த்த மார்ச்சுக்கு டிசம்பர். செப்டம்பருக்கு அவசரமே இல்லை. குடில் உரிமையாளருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, வார வாடகைக்குப் பதில் நாலு இரவுக்குக் கேட்டாலும் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.